கெண்டையில் அத்தனை முள், சுறாவில் முள்ளே இல்லை: ஏன்?

ஆட்டுக்கு எலும்பு, கோழிக்கு எலும்பு, மீனுக்கு மட்டும் முள். மீன் கடையில் நின்றுகொண்டு “இதில் எலும்பு அதிகமா?” என்று யாரும் கேட்பதில்லை, “முள் அதிகமா?” என்றுதான் கேட்கிறோம். அந்த ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. முதுகெலும்பையும் விலா எலும்பையும் முள் என்கிறோம். சதைக்குள் மறைந்து கிடக்கும் ஊசி போன்றதும் முள். துடுப்பின் முன்னால் விறைத்து நிற்பதும் முள். திருக்கையின் வாலில் இருப்பதும் முள். நான்கும் உருவாகும் விதம் வேறு, செய்யும் வேலையும் வேறு. இவற்றைப் பிரித்து அறிந்துகொண்டாலே மீன்களின் எலும்புக்கூட்டைப் பற்றிப் பாதி தெரிந்ததாகிவிடும். எந்த மீனின் எந்தத் துண்டைக் குழந்தையின் தட்டில் வைக்கலாம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்த அறிவு கொஞ்சம் கூடுதலாகவே தேவை. காரணம், களி. கேழ்வரகுக் களியை நாங்கள் மென்று தின்பதில்லை. பிட்டு, உருட்டி, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். அது மீன் குழம்பாக இருந்தால், மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி முள்ளை எடுத்த பிறகுதான் சதை களியோடு சேர வேண்டும். சிறுவயதில் எனக்கு முதலில் கற்றுத் தரப்பட்ட உணவு ஒழுங்கு இதுதான். எந்த மீனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அப்போதே பழகிவிட்டது. ஜிலேபி என்றால் இரண்டு நிமிடம். சாதாக் கெண்டை என்றால் குழம்பு ஆறிவிடும். ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்விதான் என்னை மீன்களின் எலும்புகளுக்குள் இழுத்துவந்தது.

ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில், மசாலா தடவி அடுக்கிவைத்திருக்கும் மீன்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, ஆரல், வாளை என்று வகைவகையாக இருக்கும். கிருஷ்ணகிரி அணைப் பக்கத்துக் கடைகளிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். எல்லாமே இந்த ஆற்றிலேயே தோன்றியவை என்று நினைக்க வேண்டாம். கெண்டை வகைகளான கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபியின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குள் அது 1952-இல் வந்தது. எலும்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இந்தக் கலவை பெரிய வசதி.

நடுமுள்ளிலிருந்து தொடங்குவோம்

குழம்பில் வெந்த ஒரு கெண்டைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் கெட்டியான பகுதிதான் முதுகெலும்பின் ஒரு கண்ணி. அதைச் சதையிலிருந்து பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு பக்கமும் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். நீளவாக்கில் வெட்டிப் பார்க்க முடிந்தால் உடுக்கையின் வடிவம் தெரியும்: இரு முனை அகன்று, இடை சிறுத்தது. இப்படிப்பட்ட கண்ணிகள் வரிசையாகக் கோத்ததுதான் மீனின் முதுகெலும்பு. ஒவ்வொரு கண்ணியின் மேலும் ஒரு சிறு வளைவும் அதிலிருந்து எழும் ஒரு முள்ளும் இருக்கும். அந்த வளைவுக்குள்தான் தண்டுவடம் செல்கிறது.

கண்ணியின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தால் அந்தத் துண்டு உடலின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வயிற்றுப் பகுதிக் கண்ணியில் இரண்டு பக்கமும் நீண்டு வளைந்த விலா எலும்புகள் தொங்கும்; அவை குடலையும் காற்றுப்பையையும் அணைத்துப் பிடித்திருந்தவை. வால் பகுதிக் கண்ணியில் விலா இருக்காது. மேலே இருப்பது போலவே கீழேயும் ஒரு வளைவும் ஒரு முள்ளும் இருக்கும். அந்தக் கீழ் வளைவு வழியாகத்தான் வாலுக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாய்கள் செல்கின்றன. மீன் வெட்டுபவர் வால் துண்டைப் போடும்போது நடுமுள்ளுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி தெரிவது இதனால்தான்.

முதுகெலும்பு வாலை அடையும்போது என்ன ஆகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கடைசிச் சில கண்ணிகளின் கீழ் முட்கள் தட்டையாகி, பனையோலை விசிறி போல விரிந்துவிடும். அந்த விசிறியின் விளிம்பில்தான் வால் துடுப்பின் கதிர்கள் பொருந்தியிருக்கின்றன. நீந்தும்போது உந்தித் தள்ளும் விசை முழுவதும் அந்தச் சிறிய விசிறியின் வழியாகத்தான் போகிறது.

களிக்காரர்களின் எதிரி

இனி, குழம்பை ஆற வைக்கும் அந்த ஊசி முட்கள். இவை முதுகெலும்போடும் விலாவோடும் சேர்ந்தவை அல்ல. சதைக்குள் தனியாகக் கிடப்பவை. அதனால் இவற்றைத் தசையிடை முட்கள் என்பார்கள்.

வெந்த மீனின் சதை இதழ் இதழாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இதழும் ஒரு தசைக் கட்டு. இரண்டு கட்டுகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். வேகும்போது அது கரைந்துவிடுவதால்தான் இதழ்கள் கழன்று வருகின்றன. தசையிடை முள் பிறக்கும் இடம் அந்தச் சவ்வுதான். நம் உடலின் பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பிறகு கெட்டிப்படுகின்றன. இந்த முட்களுக்கு அந்தக் கட்டம் இல்லை. மீன் வளர வளர, சவ்வின் நார்களுக்குள்ளேயே சுண்ணச்சத்து படிந்து நேரடியாக முள்ளாகிவிடுகிறது. தசை இழுக்கும் விசையை உடல் நெடுகக் கடத்த இவை உதவுகின்றன என்பது பொதுவான விளக்கம்.

கெண்டை வகை மீன்களில் இவை நூறை ஒட்டிய எண்ணிக்கையில் இருக்கும். பல முட்களின் ஒரு முனை உண்டிவில்லின் கவைக்கோல் போல இரண்டாகப் பிளந்திருக்கும். தொண்டையில் குத்தினால் இலேசில் வராததற்கு அந்தக் கவைதான் காரணம். எங்கள் பக்கத்தில் முள் சிக்கினால் ஒரு களி உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. உருண்டை முள்ளைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக இன்னும் ஆழமாகக் குத்திவிடக்கூடும். வலி நீடித்தால் மருத்துவரிடம் போவதுதான் சரி.

இந்த முட்கள் உடல் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கெண்டையில் முதுகுச் சதையிலும் வால் பகுதியிலும் குவிந்திருக்கும். வயிற்றுச் சதையில் பெரும்பாலும் விலா எலும்புகள் மட்டும்தான். அவை நீளமானவை, விரலுக்குத் தட்டுப்படுபவை, ஒரே இழுப்பில் வந்துவிடுபவை. குழந்தைக்குக் கெண்டை கொடுக்க வேண்டுமென்றால் வயிற்றுப் பகுதியைக் கொடுங்கள். முள் குறைவாக இருக்கும் என்று நம்பி வால் துண்டைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும்.

சமையலறையிலும் இதற்கு வழிகள் உண்டு. மீனின் பக்கவாட்டில் நெருக்கமாகக் கீறிப் பொரித்தால், கத்தி பட்ட முட்கள் துண்டுதுண்டாகி எண்ணெயில் மொறுமொறுப்பாகிவிடும். மத்தியைப் புளி சேர்த்துக் குக்கரில் வேகவைப்பவர்களுக்கு இன்னொரு வழி தெரியும். எலும்பு என்பது சுண்ணச்சத்துத் தாதுவும் கொலாஜன் என்ற புரத நாரும் சேர்ந்த பொருள். குக்கரின் அழுத்தத்தில் அந்த நார் இளகிவிடுகிறது; புளியின் அமிலம் தாதுவைக் கொஞ்சம் கரைக்கிறது. முள் வாயில் மாவாக உதிர்கிறது. சீனாவில் ஆய்வாளர்கள் இதற்கும் மேலே போய், மரபணுவில் திருத்தம் செய்து தசையிடை முள்ளே இல்லாத கெண்டை இன மீனை உருவாக்கியிருக்கிறார்கள். நடுமுள்ளும் விலாவும் அப்படியே இருக்க, இவை மட்டும் காணாமல் போயின. இவை தனி வகை எலும்புகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் ஜிலேபியிலும் விராலிலும் ஏன் இந்தத் தொல்லை இல்லை? பரிணாம வரிசையில் முன்னதாகப் பிரிந்த மத்தி, நெத்திலி, கெண்டைக் குடும்பங்களில் இந்த முட்கள் ஏராளம். பின்னால் தோன்றிய விரால், ஜிலேபி, கொடுவா, வஞ்சிரம், சங்கரா முதலியவற்றில் அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. சந்தையில் விலை அதிகமுள்ள மீன்களின் பட்டியலும் இதுவும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, இல்லாமல் போன அந்த முட்களுக்கானது.

கெண்டைத் தலைக்குள்

மீன் தலை என்றால் ஒதுக்கிவிடுபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மனித மண்டையோட்டில் 22 எலும்புகள். மீனின் தலையில் தாடை, கன்னம், செவுள் மூடி, செவுள் வளைவு எல்லாம் சேர்த்து அதைப் போலப் பல மடங்கு. செவுள் மூடி மட்டுமே நான்கு தட்டை எலும்புகளால் ஆனது.

ஒரு ரோகுவின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். தாடையில் ஒரு பல்கூட இருக்காது. ஆனால் அது பல்லில்லாத மீன் அல்ல. செவுளைத் தாண்டி, உணவுக் குழாய் தொடங்கும் இடத்தில், கடைசிச் செவுள் வளைவு உருமாறி இரண்டு வளைந்த எலும்புகளாக நிற்கிறது. அவற்றின் மேல் வரிசையாகப் பற்கள். மண்டையோட்டின் அடியில் இருக்கும் கெட்டியான ஒரு திண்டின் மேல் உணவை வைத்து, அம்மியில் குழவி அரைப்பது போல இந்தத் தொண்டைப் பற்கள் அரைக்கின்றன. அடுத்த முறை தலைக் குழம்பு வைக்கும்போது செவுளுக்குப் பின்னால் தேடுங்கள். விரல் நுனி அளவுள்ள, கடைவாய்ப் பல் பதித்த பிறை வடிவ எலும்பு இரண்டு கிடைக்கும்.

தலைக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு அற்புதம் இருக்கிறது. கெண்டை, கெளுத்தி ஆகிய இரண்டு கூட்டங்களிலும் முதுகெலும்பின் முதல் சில கண்ணிகளிலிருந்து சின்னஞ்சிறு எலும்புகள் பிரிந்து, காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் நடுவே ஒரு சங்கிலியாக நிற்கின்றன. தண்ணீரில் ஓர் ஒலி எழுந்தால் காற்றுப்பை அதிர்கிறது. அந்த அதிர்வை இந்தச் சங்கிலி காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் 1820-இல் இதை விவரித்தார். அதனால் இவற்றுக்கு வெபர் சிற்றெலும்புகள் என்று பெயர். நம் நடுச்செவியிலும் ஒலியைக் கடத்த மூன்று சிற்றெலும்புகள் இருக்கின்றன. தாடையோடு தொடர்புடைய எலும்புகளிலிருந்து நம்முடையவை வந்தன. மீன் தன் முதுகெலும்பிலிருந்து செய்துகொண்டது. இந்த ஏற்பாட்டால் கெண்டையும் கெளுத்தியும் மற்றப் பல மீன்களைவிட மெல்லிய ஒலிகளையும் உயர்ந்த சுருதியையும் கேட்கின்றன. பரிசலில் துடுப்பு இடிக்கும் சத்தத்துக்குக் கெண்டை விலகி ஓடுவதில் வியப்பில்லை.

குத்தும் முள்

கெளுத்தியை வெறுங்கையால் பிடித்தவர்களுக்கு மூன்றாவது வகை முள்ளை நான் விளக்க வேண்டியதில்லை. மீனின் துடுப்பு, மெல்லிய கதிர்களின் மேல் தோல் விரித்தது. கெளுத்தியில் முதுகுத் துடுப்பின் முன் கதிரும், மார்புத் துடுப்புகள் இரண்டின் முன் கதிர்களும் கெட்டிப்பட்டு வலிய முள்ளாகிவிட்டன. அவை வெறுமனே நிற்பதும் இல்லை. அடிப்பகுதி மூட்டில் ஒரு பூட்டு இருக்கிறது. மீன் அச்சப்பட்டு முள்ளை விரித்துவிட்டால் அந்தப் பூட்டு விழுந்துவிடும். பின்னால் அழுத்தி மடக்க முடியாது. மூன்று முள்ளும் விரிந்த கெளுத்தியை விழுங்குவது பாம்புக்கும் பறவைக்கும் கடினம். பல கெளுத்தி இனங்கள் மார்பு முள்ளை அதன் குழியில் உரசிக் கிறீச்சென்று ஒலி எழுப்புவதும் உண்டு. குத்தினால் கடுப்பதற்கு, முள்ளை மூடியிருக்கும் தோலில் உள்ள நஞ்சு காரணம். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும்.

ஜிலேபியின் முதுகிலும் கூர்முட்கள் உண்டு. ஆனால் பூட்டு இல்லை. ஆரல் தன் முதுகில் முப்பதுக்கும் மேற்பட்ட குட்டி முட்களைத் தனித்தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது. பாம்பு போல நீண்டிருப்பதால் ஆரலையும் விலாங்கையும் ஒன்றென்று எண்ணுபவர்கள் உண்டு. விலாங்கின் முதுகில் ஒரு முள்கூடத் தட்டுப்படாது. அதன் நீளத்தின் ரகசியம் உள்ளே இருக்கிறது: முதுகெலும்பில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். கட்லாவில் அதன் பாதிகூட இருக்காது. அத்தனை மூட்டுகள் இருப்பதால்தான் அது பாறை இடுக்கில் நெளிந்து நுழைகிறது.

ஐஸ் பெட்டியில் வந்த மீன்

கடல் எங்களுக்கு வெகு தூரம். சுறாவும் திருக்கையும் லாரியில், ஐஸ் பெட்டியில்தான் வந்து சேர்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். சுறாவை வேகவைத்துத் தோலை உரித்தால் சதை பூவாக உதிர்கிறது, நடுத்தண்டு அப்படியே கழன்று வருகிறது, ஒரு முள்கூடத் தட்டுப்படுவதில்லை. ஏனென்றால் சுறாவுக்கு எலும்பே கிடையாது. எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள். வளைந்து மீண்டும் நிமிர்கிறதே, அதே பொருள்.

அத்தனை மெத்தென்ற பொருள் எப்படிப் பெரிய உடலைத் தாங்குகிறது? குருத்தெலும்பின் மேற்பரப்பில், தரையில் ஓடு பதித்தது போல, சுண்ணச்சத்து ஏறிய நுண்ணிய சில்லுகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. உள்ளே வளைவு, வெளியே உறுதி. முதுகெலும்புக் கண்ணிகளிலும் சுண்ணச்சத்து ஏறியிருக்கும். புட்டுக்கு வேகவைத்த சுறாவின் நடுத்தண்டை உடைத்தால் சட்டைப் பொத்தான் போன்ற வட்டத் தட்டுகளாகப் பிரியும். எலும்பைவிடக் குருத்தெலும்பு இலேசானது. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லாததால், இந்த இலேசும் எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரலும்தான் அது அமிழ்ந்துவிடாமல் இருக்க உதவுகின்றன. வாலையும் பாருங்கள். கெண்டையில் விசிறியாக முடிந்த முதுகெலும்பு, சுறாவில் மேல்நோக்கி வளைந்து வாலின் மேல் மடல் வரை நீண்டுவிடுகிறது. சுறாவின் வாலில் மேல்பாதி நீண்டும் கீழ்ப்பாதி குறுகியும் இருப்பது அதனால்தான்.

திருக்கை, தட்டையாக்கப்பட்ட சுறாவின் உறவுக்காரர். அதன் இறக்கை போன்ற மார்புத் துடுப்பை வேகவைத்தால் குடைக் கம்பிகள் போல வரிசையாகக் குருத்துக் குச்சிகள் தெரியும். எலும்பில்லாத அந்த மீனின் வாலில் மட்டும் அத்தனை கடினமான முள் எப்படி வந்தது? நான்காவது வகை முள் அதுதான், அது பல்லின் இனத்தைச் சேர்ந்தது. சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போல உரசும். அந்தச் சொரசொரப்பு முழுவதும் பல்லைப் போலவே அமைந்த நுண்ணிய செதிள்கள். அவற்றில் ஒன்று பெருத்து நீண்டதே திருக்கையின் வால் முள்.

குருத்தெலும்பு இருப்பதால் சுறா எலும்பு வரை முன்னேறாத பழைய மீன் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். புதைபடிவங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. மங்கோலியாவில் கிடைத்த, ஏறக்குறைய 41 கோடி ஆண்டு பழமையான மின்ஜினியா என்ற மீனின் மண்டையில் உண்மையான எலும்பு இருந்ததை 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுறாக்கள் தனியாகப் பிரிவதற்கு முன்பே இருந்த கூட்டத்தைச் சேர்ந்தது அது. அப்படியென்றால் சுறாவின் முன்னோர்களுக்கு எலும்பு இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த சுறாக்கள் அதைக் கைவிட்டிருக்க வேண்டும்.

உலகில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் உள்ளன. அவற்றில் குருத்தெலும்பு மீன்கள் ஏறக்குறைய 1,200. தாடையே இல்லாத லாம்ப்ரே, ஹேக் மீன் என்ற இரண்டு கூட்டங்கள் அதைவிடச் சிறியவை. அவற்றுக்கும் எலும்பு இல்லை. முதுகெலும்பின் இடத்தில், வளைந்து கொடுக்கும் ஒரு தண்டுதான் வாழ்நாள் முழுவதும் உடலைத் தாங்குகிறது. அவை நம் சந்தைக்கு வருவதில்லை.

மீதி அத்தனையும் எலும்பு மீன்கள். அவற்றிலும் ஒரு சிறு கிளை தனியாக நிற்கிறது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு வலையில் சிக்கிய சீலகாந்த் மீனை, அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் கண்டெடுத்தார். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கூட்டத்தின் உயிருள்ள மீன் அது. கெண்டையின் துடுப்பில் கதிர்கள் நேராக உடலிலிருந்து புறப்படுகின்றன. சீலகாந்தின் துடுப்போ, சதைப்பற்றுள்ள ஒரு தண்டின் முனையில் இருக்கிறது; தண்டுக்குள் எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இதே பெருங்கிளையைச் சேர்ந்த டிக்டாலிக் என்ற 37.5 கோடி ஆண்டு பழமையான மீன் 2004-இல் கனடாவின் ஆர்க்டிக் தீவு ஒன்றில் கிடைத்தது. அதன் துடுப்பில் முதலில் ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, அதற்கப்பால் பல சிறு எலும்புகள். உங்கள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவிக்கொண்டே வாருங்கள்: மேல்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் பல.

வீட்டில் செய்து பார்க்க

இதை வாசித்து முடித்ததும் ஒரு மீனையாவது பிரித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் கெண்டை வேண்டாம். கை அளவு ஜிலேபி ஒன்று போதும், முட்கள் குறைவு. குடலை மட்டும் எடுத்துவிட்டு, மீனை முழுதாக ஒரு மெல்லிய துணியில் சுற்றி, மசாலா எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் சிறு தீயில் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகு தட்டில் வைத்து, வாலிலிருந்து தலையை நோக்கிச் சதையை உரித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வோர் எலும்பையும் எடுத்தவுடன் ஒரு செய்தித்தாளில் அதன் இடத்திலேயே வையுங்கள். குவித்து வைத்தால் பிறகு இடது விலா எது, வலது விலா எது என்று தெரியாது. ஒட்டியிருக்கும் சதையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் எண்ணெய் போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். எறும்பு வரும், தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைப்பது நல்லது.

நடுமுள், விலா, துடுப்பு முட்கள், வால் விசிறி எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கிவிடலாம். தலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்க வேண்டும்.